ஒரே சந்தையில் இரண்டு மரக்கால்!

அளப்பவன் கையிலுள்ள மரக்கால் கள்ள மரக்காலாயின், விளைத்தவனின் உழைப்பும் வாங்குபவனின் காசும் ஒருங்கே களவு போகும். அக்களவு பூட்டை உடைப்பதில்லை, இருளை நாடுவதில்லை. பட்டப்பகலில், சந்தை நடுவில், ‘அளந்துதானே கொடுத்தேன்’ என்னும் சொல்லோடு அது நிகழும். வழிப்பறிக்காரனைக் கண்டால் ஒதுங்கி ஓடலாம். அளவைக் கள்வனிடமோ நாமே பையைத் தூக்கிக்கொண்டு நடந்து செல்கின்றோம். நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பேராசான், நிறைகோலையே அதற்கு ஒப்புமை காட்டியது எத்துணைப் பொருத்தம்!

இற்றை உலகச் சந்தையில் நெல்லும் பொன்னும் மட்டும் அளக்கப்படவில்லை. ஊர்களின் நாணயமும் அளக்கப்படுகின்றது. ஒரு நகராட்சி வாங்கிய கடனைத் திருப்பித் தருமா, தவறுமா என்று எடைபோட்டு மதிப்பெண் இடுவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. அவை அமெரிக்க நகராட்சிகளுக்கு ஒரு மரக்காலும், பெருநிறுவனங்களுக்கு வேறொரு மரக்காலும் வைத்து நெடுங்காலம் அளந்துவந்த வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுந்தோம். ‘அமெரிக்கக் கடன்கணக்கு நமக்கெதற்கு?’ என வினவும் அன்பர்கள், அந்நிறுவனங்களின் கை இன்று நம் நாடு வரை நீண்டிருப்பதனை இவ்வுரையின் பிற்பகுதியில் காண்பார்கள்.

முதலில் கடன்முறி என்பது யாதென அறிந்துகொள்வோம். எழுதிக் கொடுக்கும் ஆவணத்திற்கு ‘முறி’ என்பது நம் பழம்பெயர். மக்கள் வழக்கில் கடன் பத்திரம் எனப்படுவதனையே யாம் கடன்முறி என்கின்றோம். ஓர் ஊருக்குக் குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும்; சாய்க்கடை கட்ட வேண்டும்; பள்ளி எழுப்ப வேண்டும். ஓராண்டு வரிப்பணம் அதற்குப் போதாது. அக்குழாயில் நீர் குடிக்கப் போகின்றவர்களோ இன்றுள்ளார் மட்டுமல்லர். இனிப் பிறக்கப் போவோருங்கூட. எனவே, இருபது முப்பது ஆண்டுகளில் தீர்க்கும் வகையில் ஊர் தன் பெயரில் முறி எழுதிக் கொடுத்துக் கடன் திரட்டுவது முறையானதே.

அக்கடனின் வட்டியை ஏற்றுவதும் இறக்குவதும் அவ்வூர் பெறும் மதிப்பெண். மதிப்பெண் ஒரு படி இறங்கினால் வட்டி ஏறும். 100 கோடிக் கடனுக்குக் கால் விழுக்காடு வட்டி கூடினால் ஆண்டுக்கு 25 இலக்கம் கூடும். முதலை இறுதியாண்டில் தீர்ப்பதாயின், இருபதாண்டில் அது 5 கோடியாகும். இஃது ஓர் ஆலை முதலாளி இழக்கும் ஊதியமன்று. தெருவிளக்கும் துப்புரவும் மருந்தகமும் இழக்கும் காசு. வரி செலுத்தும் ஏழையின் மடியிலிருந்து போகும் காசு.

இனி, அளப்போர் யாவரெனக் காண்போம். 1909-இல் அமெரிக்காவில் சான் மூடி என்பார் தொடர்வண்டி நிறுவனங்களின் கடன்முறிகளை எழுத்துக் குறிகளால் தரம்பிரித்து நூல் வெளியிட்டார். பின்னர் அம்முறை நகராட்சி, மாநில முறிகளுக்கும் பரவியது. இன்று மூடீசு, இசுட்டாண்டர்டு அண்டு பூவர்சு, பிட்சு என்னும் மூன்று நிறுவனங்களே இத்தொழிலில் உலகை ஆள்கின்றன. உச்ச மதிப்பு ‘மூன்று ஏ’. அதன்கீழ் இரண்டு ஏ, ஓர் ஏ, மூன்று பி எனப் படிகள் இறங்கும். மூடீசின் எழுத்துகள் சிறிது வேறுபடினும் படிகளின் அடைவு ஒன்றே. மூன்று பிக்கும் கீழ்ப்பட்டது, முதலிடத் தகாததெனத் தள்ளப்படும்.

தொடக்கத்தில் முறி வாங்க விழைந்தோரே காசு கொடுத்து அம்மதிப்பீட்டு நூல்களை வாங்கினர். 1970-கள் தொட்டு, முறி வெளியிடுவோரே மதிப்பிடுவோர்க்குக் கூலி கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. விடை எழுதிய மாணவனிடமே கூலி பெற்று விடைத்தாள் திருத்தும் ஆசிரியனை எந்த ஊர் ஏற்கும்? ஆயினும் உலகச் சந்தை அதனை ஏற்றுக்கொண்டது.

ஒரே குறிக்கு ஒரே பொருள் இருத்தல் வேண்டும் என்பது அளவையின் முதல் நெறி. ஒரு வகுப்பில் அறுபது மதிப்பெண் பெற்றவனும் அடுத்த வகுப்பில் அறுபது பெற்றவனும் ஒத்த தேர்ச்சியினர் என்றே ஊர் நம்பும். அந்நம்பிக்கையை அந்நிறுவனங்கள் காக்கவில்லை. 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் பொருளியல் சார்ந்த குழு, அந்நிறுவனங்களின் சொந்தக் கணக்கையே எடுத்து உலகின்முன் வைத்தது. மூடீசின் கணக்குப்படி, ‘மூன்று ஏ’ பெற்ற தனியார் நிறுவன முறிகளுள் கடன் தவறியவை பதினாயிரத்துக்கு 52. முதலிடத் தக்கவற்றுள் கடைப்படியில் வைக்கப்பட்ட நகராட்சி முறிகளுள் தவறியவையோ பதினாயிரத்துக்கு 13. அதே கடைப்படியிலிருந்த தனியார் முறிகளுள் தவறியவை 464! இசுட்டாண்டர்டு அண்டு பூவர்சின் கணக்கும் இதே கதையைத்தான் சொல்லிற்று. ‘மூன்று பி’ நகராட்சி முறிகளுள் தவறியவை பதினாயிரத்துக்கு 32. ‘மூன்று ஏ’ தனியார் முறிகளுள் 60. ‘மூன்று பி’ தனியார் முறிகளுள் 1,029.

அன்பர்கள் இவ்வெண்களை மீண்டும் ஒருமுறை நோக்குக. கடைசி இருக்கையில் அமர்த்தப்பட்ட ஊர், முதலிருக்கையில் அமர்ந்த பெருநிறுவனத்தைவிட நாணயமானதாக இருந்தது. ஊருக்கு வரி விதிக்கும் உரிமை உண்டு. ஊர் இடம்பெயர்ந்து ஓடாது. நிறுவனமோ இன்று தோன்றி நாளை மறையும். இவ்வேறுபாடு அளந்தோர்க்குத் தெரியாததன்று, கணக்கே அவர்களுடையது. தெரிந்தும் ஒரே எழுத்தை இரண்டு பொருளில் எழுதினர்.

இதனால் விளைந்த கேடு வட்டியோடு நிற்கவில்லை. ‘உன் மதிப்பு குறைவு, ஆகவே எவரையேனும் பிணை நிறுத்து’ என்றது சந்தை. 1971-இல் ஆம்பாக்கு என்னும் நிறுவனம் நகராட்சி முறிகளுக்குக் காப்பீடு விற்கத் தொடங்கியது. ‘மூன்று ஏ’ மதிப்புடைய காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தினால், அதன் மதிப்பு ஊரின் முறிக்கும் வந்து சேரும். 2007 அளவில், புதிதாக வெளிவந்த நகராட்சி முறிகளுள் ஏறத்தாழப் பாதி இவ்வாறு காப்பீடு பெற்றவை. ஒரே மரக்காலால் அளந்திருந்தால் தனக்கே உரியதாயிருந்த நற்பெயரை, ஊர் காசு கொடுத்து வெளியில் வாங்கிற்று! அக்காப்பீட்டு நிறுவனங்களோ, வீட்டடைமானக் கடன்களைக் கட்டி விற்ற முறிகளுக்கும் பிணை நின்று, 2008-இல் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் ‘மூன்று ஏ’யை இழந்தன. 2010 நவம்பரில் ஆம்பாக்கு நொடிப்பு முறைமன்றத்தின் வாயிலை அடைந்தது. பிணை நின்றவன் வீழ்ந்தான். பிணை கேட்கப்பட்ட ஊர்களோ பெரும்பாலும் தவணை தவறாமல் நின்றன.

ஊர்களை இவ்வளவு கடுமையாக அளந்த அதே கை, பணமுதலைகளின் சரக்கை எவ்வாறு அளந்தது? அந்நாட்டரசு அமைத்த பொருளியல் நெருக்கடி ஆய்வுக்குழுவின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை விடை பகர்கின்றது. 2000 முதல் 2007 வரை வீட்டடைமானம் சார்ந்த முறிகளுள் ஏறத்தாழ 45,000-க்கு மூடீசு ‘மூன்று ஏ’ முத்திரை குத்தியது. 2006-இல் அம்முத்திரை பெற்ற அடைமான முறிகளுள் 83 விழுக்காடு பின்னர்க் கீழிறக்கப்பட்டன. இதன் தொடர்பான வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள, இசுட்டாண்டர்டு அண்டு பூவர்சு 2015-இல் 137.5 கோடித் தாலரும், மூடீசு 2017-இல் ஏறத்தாழ 86.4 கோடித் தாலரும் செலுத்த இசைந்தன. எளியோனுக்குக் குறைத்தளந்த மரக்கால், வலியோனுக்கு நிறைத்தளந்தது. இதற்குமேல் சான்று வேண்டுமோ?

மறுதரப்பின் சொல்லையும் மறைத்தல் நடுவுநிலையாகாது. ‘நகராட்சி முறிகள் கடன் தவறுவது அரிது. எல்லாவற்றையும் ஒரே கோலால் அளந்தால் பெரும்பாலானவை உச்சப்படியில் குவிந்துவிடும். ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள நுண்வேறுபாடு தெரியாது. முறி வாங்குவோர் அவ்வேறுபாட்டை விரும்பியதால்தான் தனிக்கோல் வைத்தோம்’ என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. நுண்வேறுபாடு வேண்டுமாயின் தனிக்கோலுக்குத் தனிக்குறி வைத்திருக்கலாமே! பொன்னுக்குக் குன்றிமணி, நெல்லுக்கு மரக்கால் என இரண்டு அளவை வைப்பதில் பிழையில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவதுதான் பிழை. பெயர் ஒன்றாயின், காண்போர் பொருளும் ஒன்றென்றே கொள்வர். வட்டியும் அதற்கேற்பவே ஏறும்.

இவ்வழக்கம் தானாக ஒழிந்ததா? இல்லை. தட்டிக் கேட்டோர் இருந்ததனாலேயே ஒழிந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் கருவூலத் தலைவர் பில் உலாக்கியரும் வேறுசில மாநில, நகர அலுவலர்களும் 2008 மார்ச்சில் மூன்று நிறுவனங்களுக்கும் மடல் எழுதி, ஒரே கோல் வேண்டுமென வற்புறுத்தினர். அவ்வாண்டு சூலைத் திங்களில் கனெக்டிகட்டு மாநிலத் தலைமை வழக்கறிஞர் இரிச்சர்டு புளூமெந்தால் மூன்றின் மேலும் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டில், கீழவைக் குழுவின் தலைவர் பார்னி பிராங்கு ‘நகராட்சிக் கடன்முறி நேர்மைச் சட்ட’ முன்வரைவைக் கொணர்ந்தார். அது தனிச்சட்டமாக நிறைவேறவில்லை. எனினும் அதன் கரு 2010 சூலையில் நிறைவேறிய தாடு-பிராங்குச் சட்டத்துள் இடம்பெற்றது. ஒரு குறியை எவ்வகை முறிக்கு இடினும் ஒரே பொருளில் இடுதல் வேண்டும் என அச்சட்டம் வகுத்தது. அதனைச் செயற்படுத்தும் விதியை அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையம் 2014-இல் இயற்றியது.

சட்டம் வருமுன்பே, 2010 ஏப்பிரலில், மூடீசும் பிட்சும் தம் நகராட்சி மதிப்பீடுகளை உலகப் பொதுக்கோலுக்கு மாற்றத் தொடங்கின. இசுட்டாண்டர்டு அண்டு பூவர்சு, தான் முன்பே ஒரே கோலைத்தான் கையாள்வதாகச் சொல்லிக்கொண்டது. மூடீசு மாற்றிய அன்று கலிபோர்னியா மூன்று படிகள் ஏறிற்று. அம்மாநிலத்தின் கருவூலத்தில் ஒரு காசு கூடவில்லை. கடனில் ஒரு காசு குறையவில்லை. மாறியது மரக்கால் மட்டுமே! கனெக்டிகட்டு வழக்கு 2011-இல் இணக்கத்தில் முடிந்தது. குற்றத்தை ஒப்பாமலே, மூன்று நிறுவனங்களும் ஏறத்தாழ 9 இலக்கம் தாலரை இனிவரும் மதிப்பீட்டுக் கட்டணங்களில் கழிவாகத் தர இசைந்தன. குறைத்தளந்தவன், இழந்த நெல்லைத் திருப்பித் தரவில்லை, ‘அடுத்தமுறை என்னிடமே அளக்க வா, கூலியில் சிறிது குறைத்துக்கொள்கின்றேன்’ என்றான். இவ்வளவே கிடைத்த முறை.

ஊர்கள் ஒருபோதும் கடன் தவறா என்று யாம் சொல்ல வரவில்லை. 2013 சூலையில் தெட்ராய்ட்டு நகரம் ஏறத்தாழ 1,800 கோடித் தாலர் கடனோடு நொடித்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையற்ற புவேர்ட்டோ இரிக்கோத் தீவு, 2017-இல் கடன்சுமை தாளாது முறைமன்றம் சென்றது. அதற்கு முன்னரே, 2016-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், மக்கள் தேர்ந்தெடுக்காத மேற்பார்வைக் குழு ஒன்று அத்தீவின் வரவு செலவின்மேல் அமர்த்தப்பட்டது. அத்தீவின் முறிகளோ 2014 தொடக்கம் வரை முதலிடத் தக்கனவாகவே மதிப்பிடப்பட்டிருந்தன! குறைத்தளப்பது மட்டுமன்று, கூட்டியளப்பதும் ஊரைக் கெடுக்கும். கண்மூடிக் கடன் கொடுப்போர் பெருகுவர்; கடைசியில் ஊரின் தன்னாட்சியே அடைமானமாகும். ஆகவே யாம் வேண்டுவது இரக்கமன்று, நேரிய அளவை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஊர்ப்பொதுமன்றம் கடன் வாங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காண்க. ஊரவையார் கோயிற் கருவூலத்திலிருந்து பொருள் கொண்டு, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை செலுத்த ஒப்பிய செய்திகள் அங்குக் கல்லில் நிற்கின்றன. யார் வாங்கினர், எவ்வளவு வாங்கினர், பொலிசை எவ்வளவு என்பன எல்லாம் ஊரறியத் தமிழில் வெட்டப்பட்டன.

இக்காலத்தில், 1998-இல் அகமதாபாத்து மாநகராட்சி அரசின் பிணையின்றி 100 கோடி உருபாவுக்கு முறி வெளியிட்டது. 2001-இல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்கென 30 கோடிக்கு வெளியிட்டது. தனித்துக் கடன் பெற வலுவற்ற சிறு நகராட்சிகள் சில, 2002-03-இல் தமிழக அரசின் ஏற்பாட்டில் ஒன்றுகூடிக் குடிநீர்ப் பணிகளுக்கெனக் கூட்டுமுறி வெளியிட்டன. 2025-இல் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாற் பணிக்கென ஏறத்தாழ 200 கோடிக்கு முறி வெளியிட்டது. 2015-இல் செபி இதற்கெனத் தனிவிதிகளும் வகுத்துள்ளது. நாளை இது நம் ஊர்களுக்கெல்லாம் வரும்.

அப்போது நம் ஊர்களின் நாணயத்தை எடைபோடுவோர் யாவர்? 1987-இல் தோன்றிய கிரிசில் நிறுவனத்தின் பெரும்பங்கு 2005-இல் இசுட்டாண்டர்டு அண்டு பூவர்சின் கைக்குப் போயிற்று. 1991-இல் தோன்றிய இக்ராவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு 2014-இல் மூடீசின் கைக்குப் போயிற்று. இந்தியா இரேட்டிங்சு என்பது முழுமையாகப் பிட்சினுடையது. கேர் போன்ற வேறு நிறுவனங்களும் உள. எனினும், அமெரிக்காவில் எந்த மூவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டதோ, அந்த மூவரின் கிளைகளே இங்கும் நிறைகோல் பிடித்து நிற்கின்றன. அவர்கள் இங்கும் பிழை செய்தனர் என யாம் பழி சுமத்தவில்லை. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வியை இங்கே கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

கேள்வி கேட்குமுன் நம் வீட்டையும் பெருக்கல் வேண்டும். 2016 அத்தோபரில் காலம் முடிந்த தமிழக நகர்மன்றங்களுக்கு 2022 பிப்பிரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு மேலாக மாநகராட்சியிலும் நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. உரிமை உரிமையென முழங்கும் நாம், அடிப்படித் தன்னாட்சியை உறங்கவிட்டோம். தலைவனில்லா வீட்டுக்குக் கடன் கொடுப்போன் தயங்கானா? மற்றொரு புறம், 74-ஆம் அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குப் பணிகளை அடுக்கியது. வருவாயை அவ்வாறு அடுக்கவில்லை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது விளம்பர வரி போன்றனவும் அதனுள் மூழ்கின. நகரம் மாநிலத்திடம் கையேந்துகின்றது. மாநிலம் தில்லியிடம் கையேந்துகின்றது. வருவாயின் திறவுகோலைத் தில்லி வைத்துக்கொண்டு, கடனின் பொறுப்பை மட்டும் ஊரின் தலையில் ஏற்றுவதும் இரண்டு மரக்கால் அளவைதானே!

ஆகவே யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, நகராட்சி முறிக்கும் தனியார் முறிக்கும் இடப்படும் ஒரே குறி ஒரே பொருளுடையதாதல் வேண்டும். ஒவ்வொரு வகையிலும் தவறியவை எத்தனை என்னும் கணக்கை அடுத்தடுத்து அச்சிட்டு ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும். இரண்டாவது, ஒரு நகருக்குக் குறைந்த மதிப்பு இடப்படின், அதற்குரிய கரணியத்தை மதிப்பிட்டோர் விளக்கவும், நகர்மன்றம் வெளிப்படையாக மறுத்துரைக்கவும் வழி வேண்டும். மூன்றாவது, நகராட்சிகள் தம் வரவு செலவைக் காலந்தவறாது தணிக்கை செய்து மக்கள்முன் வைத்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவன் அளவையைக் குறைகூற உரிமையற்றவன். நான்காவது, அக்கணக்கும், முறி வெளியீட்டு ஏடும், மதிப்பீட்டு அறிக்கையும் தமிழில் வருதல் வேண்டும். கடன் தமிழ் மக்கள் பெயரில். தீர்ப்பது தமிழ் மக்கள் வரியில். ஏடு மட்டும் ஆங்கிலத்திலா? ஆயிரம் ஆண்டுகட்கு முன் கல்லில் வெட்டிக் காட்டியதைத் தாளில் அச்சிட்டுக் காட்ட இயலாதா?

தமிழ்மக்களே! இது பணக்காரர்தம் பங்குச்சந்தைச் செய்தியென ஒதுக்கிவிடாதீர். உங்கள் தெருக்குழாயில் நீர் வருமா, மழை பெய்தால் வீட்டுக்குள் சாய்க்கடை புகாதிருக்குமா என்பது வரை இஃது உங்கள் செய்தி. அமெரிக்க மாநிலங்கள் பணிந்து கேட்டுப் பெறவில்லை. கணக்கைக் கையிலேந்தி, முறைமன்றம் ஏறிக் கேட்டன. அதனாலேயே மரக்கால் மாறிற்று. அளக்கப்படும் ஊர், அளப்பவனை நோக்கி ‘உன் மரக்காலைக் காட்டு’ எனக் கேட்கும் நாளே அவ்வூரின் தன்னாட்சி தொடங்கும் நாள். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் அக்கேள்வி தமிழில் எழுக!